எண்ணெய்த் தலையும் ஷாகுலின் சர்வோவும்

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ஐந்தருவியில், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு, ஒரு பழக்கடை முன்னால் நான் டான்ஸ் ஆடினேன்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பைத்தியமெல்லாம் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்!

கடைக்காரன் ஷாகுல், என் பள்ளித் தோழன். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் ஃபேக்டரி மெஷின்களை ரிப்பேர் பார்த்தவன். போதும் என்று ஊருக்கு வந்து, இந்த சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் கடை போட்டான். கடை ஓடாவிட்டால் மறுபடி ஃப்ளைட் ஏறுவதாக முடிவு. அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் மனைவி ஜமீலாவுக்குக் கண் கலங்கிவிடும்.

கடைக்கு எதிரி யார்? வேறு யார்... குரங்குகள்தான். ஒரு பழம் விற்பதற்குள் நாலு பழம் மரமேறிவிடும்.

கேமரா, மோட்டார், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி என்று ஏதேதோ வாங்கிப் பூட்டினான் ஷாகுல்.

"சர்வோ வே இது!"

"அப்படின்னா?"

"வெந்நீர் விளாவுதீருல்லா? கையை விட்டுப் பாக்கீரு, சுடுது. பச்சத்தண்ணி ஊத்துதீரு. மறுபடியும் பாக்கீரு. பக்குவம் வார வரைக்கும் விடுதீரா? அதேதான். எங்க நிக்கணும், இப்ப எங்க நிக்கோம்னு பாத்துப் பாத்து, வித்தியாசத்த மோட்டாரே சரி பண்ணிக்கிடும்."

ஃபேக்டரி ரோபோவின் கை, விமான இறக்கையின் மடல், ஏன், சில வீடுகளில் கரண்ட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வரைக்கும் இதே சங்கதிதானாம். ஷாகுல் வைத்தது, அசைகிற எதையும் குறிபார்த்துப் பீய்ச்சும்.

இரண்டே நாள். குரங்குகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டன. இடப்பக்கம் ஒன்று ஆடும் — துப்பாக்கி அங்கே திரும்பும். வலப்பக்கம் இன்னொன்று ஆடும் — இங்கே திரும்பும். அது இப்படி மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டிருக்க, மூன்றாவது குரங்கு பின்பக்கமாக வந்து நிதானமாகப் பழம் உரிக்கும். பர்ஸை எடுக்கக் கையை அசைத்த வாடிக்கையாளர்தான் நனைவார். குளிக்க வந்த ஊரில், 'நனைச்சிட்டானே' என்று சண்டை வேறு!

"பாஸ்போர்ட்ட தேடுதாரு, அண்ணாச்சி" என்றார் ஜமீலா.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிறு வந்தது. பலகையில் படுத்து, எண்ணெய் தேய்ப்பவரிடம் நன்றாக அடிவாங்கி எழுந்தேன். போலீஸ் விசில்! அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணெய் தேய்ப்போம் என்று எங்கள் பக்கத்தில் எவனுக்காவது தோன்றுமா? நாற்பது பேர், எண்ணெயிலிருந்து எடுத்த வடை மாதிரி நின்றோம். இந்தக் கோலத்தில் எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்?

ஷாகுலைப் பார்த்துக் கையாட்டினேன். சர்ர்ர்... நெஞ்சில் ஜில்லென்று தண்ணீர்!

நின்றேன். நின்றது. ஆடினேன். அடித்தது.

அப்புறம் என்ன, ஆடினேன்!

"ஏ வே! என்ன செய்யுதீரு?" ஷாகுல் பதறி ஓடிவந்தான்.

"குளிக்கேன்!"

பின்னாலேயே ஒரு தொந்திக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் மிச்ச எண்ணெய்த் தலைகளும். இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் இருபது. மரத்தின் மேல் குரங்குகள் அசையாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. இத்தனை பேர் ஆடும் இடத்தில் இறங்க அதுகளுக்கே பயம்.

ஜமீலா எங்கிருந்தோ சீயக்காய்த் தூளோடு வந்து நின்றார். "ஆடினவங்க பழம் வாங்காம போகக்கூடாது!"

சாயங்காலம் கூடை காலி. யாரோ ஒரு புண்ணியவான், அட்டையில் 'ஆறாவது அருவி' என்று எழுதி மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஷாகுலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அப்ப... ஃப்ளைட்டு?" மெல்லக் கேட்டேன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா சொன்னார்: "அங்கிட்டு ஒரு எட்டு வைக்கட்டும் அண்ணாச்சி, இங்கன திருப்பிருவேன்!"

கரண்ட் போனாலும் வேலை செய்கிற சர்வோ.