தோணி ஓடாத மாதங்கள்

போன வாரம் மகள் ஹாம்பர்க்கிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுப் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குசினி, குளியலறை, செடி வைக்க ஒரு பால்கனி. கடைசியாக இரண்டு கதவுகள். "இது என் ரூம்மா. அது அவன் ரூம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை அந்த ஊர்ப் பையன், சாதுவான முகம்.

"என்னளா, சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. பனி கொட்டுனாலும் ஜன்னலைத் தொறந்து போட்டுத்தான் தூங்குவான். எனக்குக் குளிருது."

"ரெண்டு கம்பளியா போத்திக்க வேண்டியதுதான?"

"அம்மா!"

அதற்கு மேல் ஒரு தாய் என்ன கேட்பது? கதவுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்தோம், வாடை இன்னும் போகவில்லை என்று பேச்சை மாற்றினாள். வாடை போனில் வருமா என்று சிரிக்காதீர்கள். எனக்கு வந்தது. ஆனால் வந்தது அவளுடைய வெள்ளைப் பெயின்ட் அல்ல, பச்சை.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. நான் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். தோணிக்கு அடித்து மிஞ்சிய பச்சையை அந்தக் கதவுக்கு அடித்திருந்தார்கள். ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், தொட்டால் வாடை கையோடு வந்துவிடும். வெளியே ரேழி மாதிரி நீண்ட ஒரு ஹால், பின்னால் குசினி, அதற்கும் பின்னால் உப்புத்தண்ணீர்க் கிணறு. மாமி, மாமியின் மூத்த மகன், அவர் மனைவி ஜெசிந்தா அக்கா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, அப்புறம் இளைய மகனாகிய என் வீட்டுக்காரர், கடைசியாக வந்து சேர்ந்த நான். இத்தனை பேருக்கும் ஒரே கதவு.

மூத்தவரைப் பெரியத்தான் என்போம். தோணியை நடத்துகிற தண்டல் அவர். பத்துப் பேரை ஏவி, வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். அவர் கடலில் இருந்தால் அறை எங்களுக்கு. கரையில் இருந்தால் அவர்களுக்கு. இந்தச் சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாயங்காலம் மாமி பாய்களைப் பிரிப்பாள். என் பாய் குசினிப் பக்கம் போனால் தோணி வந்துவிட்டது என்று அர்த்தம். ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்குத் தோணி வரும் நாள் முன்கூட்டியே தெரியும். காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பல் விளக்கினால் நானும் புரிந்துகொள்வேன்.

என் அம்மாவுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. நான் பிறந்த ஆலந்தலையில் அப்பா படுக்கை கரையில், வள்ளத்துக்குப் பக்கத்தில். குடும்பம் நடத்தியதெல்லாம் பகலில். அதுவும் மீனை விலைபேசும் தொனியில். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நாம் அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆபீஸ் மாப்பிள்ளை என்றதும் தலையாட்டினேன். பேசுவதற்கு ஒரு ஆள், பேச ஒரு இடம். ஆள் கிடைத்துவிட்டார்.

ஜனவரியில் கல்யாணம். மே மாதம் காற்று மாறியது. கச்சான் காற்று தொடங்கினால் தோணிகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆகஸ்ட் முடிகிறவரை ஓட்டம் கிடையாது. பெரியத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். இவர் பாய் மொட்டை மாடிக்குப் போனது, என் பாய் குசினிக்கு.

குசினிக்கும் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். விளக்கு வைத்த நேரத்திலிருந்து அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வார்த்தை புரியாது. அவர் குரல் கொஞ்சம், அவள் குரல் கொஞ்சம், இடைவெளி, மறுபடியும் அவர். எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குப் பேச இவ்வளவு இருக்கிறதே! நான் இவரிடம் நாள் முழுக்கப் பேசியது, "தேங்காய் வாங்கிட்டு வாங்க." இப்படியே இருந்தால் செத்துப்போவேன், தனி வீடு பாருங்கள் என்று ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில் இவரைப் பிடுங்கி எடுத்தேன். "அண்ணன் என்ன நெனைப்பாவ" என்று இழுத்து இழுத்து, கடைசியில் மில்லர்புரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டார். ஒரு அறை, ஒரு கதவு. வேறு யார் பாயும் உள்ளே வராது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு வாய் கொழுத்தது. ஜெசிந்தா அக்கா கிணற்றடியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான்க்கா பேசுவிய ரெண்டு பேரும்? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கக்கூடாதா?"

சிரித்தாள். செதில் ஒட்டிய புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"கணக்கு கேக்காவ."

"என்ன கணக்கு?"

"அவிய கடல்ல இருந்த நாளுக்கெல்லாம். தோணி மாலத்தீவுல போய் அணைஞ்ச அன்னைக்கு நீ எங்க போன? காத்தில்லாம நடுக்கடல்ல கெடந்தமே, அன்னைக்கு வீட்டுக்கு யாரு வந்தா? ஒவ்வொரு நாளாக் கேப்பாவ. நேத்து சொன்னதுக்கும் இன்னைக்குச் சொன்னதுக்கும் ஒண்ணு மாறிட்டா, மறுபடி மொதல்லேருந்து."

"அடிக்கவும் செய்வாவளா?"

"அடிச்சா முடிஞ்சிருமே." அடுத்த மீனை எடுத்தாள். "தாப்பாளப் போட்டுட்டுக் கதவுல சாஞ்சு உக்காந்துக்கிடுவாவ. போன மார்ச்சுல செவ்வாக்கிழமை நான் என்ன கொழம்பு வச்சேன்னு எனக்கெப்படிளா தெரியும்?"

நான் பொறாமைப்பட்ட பேச்சு அது.

"நீங்க எப்ப வீடு மாறுறிய?" என்று கேட்டாள். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டேன்.

அன்று சாயங்காலம் மாமி பாயைப் பிரித்தபோது, ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். பெரியத்தான் நாற்காலியில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"மாமி, ரூமு எங்களுக்கு வேணும்."

இன்றைக்கு எழுதும்போதும் காது சூடாகிறது. மாமி கையிலிருந்த பாய் தானாகச் சுருண்டது. இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் நேராகப் பேசமாட்டார். குழம்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்து, "கொழம்பு கொண்டாரச் சொல்லு" என்பார். பெண்டாட்டியிடம் அத்தனை கேள்வி கேட்கிறவரால் என்னிடம் ஒரே ஒரு "ஏன்" கேட்க முடியவில்லை. அதிலும் இந்த விஷயத்தில். ரேடியோவை அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். ஜெசிந்தா அக்கா பிள்ளைகளோடு குசினியில் படுத்தாள்.

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும்.

"ஆலந்தலையில இப்படித்தான் வளத்து விடுவாவளோ?" என்று மாமி தெருவுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். சந்தில் எனக்கு 'ரூமுக்காரி' என்று பெயர் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் பெண்கள் தொண்டையைச் செருமுவார்கள். உள்ளே, நான் ஏங்கிய கதவுக்கு இந்தப் பக்கம், இவரும் நானும் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"மானம் போவுதுளா. மில்லர்புரத்து வீட்டு ஓனர் ஆள் விட்டுக் கேட்டுட்டார். போயிருவமா?"

"பெரியத்தான் தோணி ஏறட்டும்."

"நமக்கும் அதுக்கும் என்ன?"

கிணற்றடியில் கேட்டதைச் சொன்னேன். அண்ணனைப் போய்க் கேட்க அவருக்கும் வாய் இல்லை. தம்பி அண்ணனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதற்கு அந்த வீட்டில் வேறொரு சட்டம் இருந்தது. மறுநாளிலிருந்து, நான் கேட்பதற்கு முன்னால் அவரே என் பாயை எடுத்து அறைக்குள் போட்டார். தலை நிமிராமல்தான். ஆனால் போட்டார்.

செப்டம்பரில் காற்று தணிந்தது. பெரியத்தான் தோணி ஏறினார். பழைய துறைமுகத்துச் சுவரோரம் நின்று, பாய்மரம் கண்ணுக்கு மறைகிறவரை ஜெசிந்தா அக்கா கையசைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "இனிமே நீ வெக்கப்படலாம்ளா" என்றாள்.

வெட்கப்பட எங்கே நேரம்? வயிற்றில் மகள் வந்திருந்தாள், ஓயாத வாந்தி. மில்லர்புரத்து வீட்டில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள். அடுத்த மே மாதமும் காற்று மாறியது. அதற்குள் கேட்க எனக்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்திருந்தது: "பிள்ளையக் கொசு கடிக்கி, மாமி." மகள் பள்ளிக்கூடம் போகிறவரை ஒவ்வொரு வருஷமும் அந்தப் பச்சைக் கதவுக்குள் அடைந்து கிடந்தோம். வாடகைக்கு வீடு பார்க்கிற பேச்சை இவர் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பெரியத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமியும். வீட்டை இடித்து, கீழே செல்போன் கடை, மேலே மூன்று குடித்தனம். ஜெசிந்தா அக்கா பெங்களூரில் மகனோடு இருக்கிறாள். பன்னிரண்டாவது மாடி, தனி அறை, ஏசி. எப்போது போன் போட்டாலும் "சௌரியமா இருக்கேம்ளா" என்கிறாள். கிணற்றடியில் அவள் மீன் கழுவுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன் ஒரு காலத்தில். இப்போது அவள் சொல்வதை நம்பத்தான் வேண்டியிருக்கிறது.