விறகுக்குள் தெரிந்த வெளிச்சம்

நானும் என் வீட்டுக்காரரும் உத்தரகோசமங்கையில், கோயிலுக்கு வரும் சனங்களை நம்பி இட்லிக்கடை போட்ட புதிது. சாம்பார், சட்னிக்கெல்லாம் கேஸ் அடுப்பு போதும். இட்லிக் கொப்பரைக்கும் சோற்று அண்டாவுக்கும் விறகுதான் கட்டுபடியாகும். எங்கள் பக்கம் விறகென்றால் கருவைதான், சீமைக் கருவேலம். தரிசு முழுக்க அதுதானே நிற்கிறது.

கடலாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் டிராக்டரில் கொண்டுவந்து போடுவார். கருவைக் காட்டைப் பேசி வாங்கி வெட்டி விற்கிறவர். நான் அவரை அண்ணே என்பேன். எடை போட ராமநாதபுரம் வரை வண்டி போக வேண்டும் என்பதால் எங்களுக்குள் டிப்பர் கணக்குதான்; டிராக்டர் பெட்டி நிறைந்தால் ஒரு லோடு, அதற்கு ஒரு விலை. முதல் லோடு மலை மாதிரி வந்து இறங்கியது. பதினைந்து நாளைக்கு வரும் என்றார். எட்டாம் நாள் காலையில் தரையில் சிராய்தான் கிடந்தது.

"நீ எங்கயோ பாத்துக்கிட்டு அடுப்புல விறகத் தள்ளிக்கிட்டே இருக்க" என்றார் வீட்டுக்காரர். நான் அதை நம்பினேன். எதையாவது பார்த்தால் அப்படியே நின்றுவிடுகிற ஆள்தான் நான்.

இரண்டாவது லோடு ஒரு சாயங்காலம் வந்தது. எனக்கும் சூரியனுக்கும் நடுவில் டிராக்டர் நின்றது. விறகுகளின் இடைவெளி வழியாக வெயில் கசிந்து, என் சேலை முழுவதும் பொன் பொட்டுகளாக விழுந்து நடுங்கியது. ஒரு தவிட்டுக்குருவி விறகுக்குள் நுழைந்தது. எங்கெங்கோ உள்ளே தத்தி, அந்தப் பக்கமாக வெளியே பறந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கடலுக்குள் நின்று மேலே பார்ப்பதுபோல இருந்தது.

மெல்லத்தான் உறைத்தது. குருவி போன வழியில் விறகு இல்லை. அந்த வெறும் இடத்தையும் சேர்த்துத்தான் நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, இது நெறஞ்ச டிப்பர் இல்லண்ணே. அந்தப் பக்கத்து வெளிச்சம் இங்கன தெரியுது."

அவர் சிரித்தார். "கருவ என்ன தென்ன மரமா தாயி, நேரா வளர? கோணக் கட்டய அள்ளிப் போட்டா இப்பிடித்தான் கெடக்கும்."

"அப்ப எறக்கி அடுக்கிப் பாப்போம்."

அவர் முகம் சுருங்கியது. "எம் மேல நம்பிக்கை இல்லையா?"

எனக்கு யாரிடமும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. வண்டியில் கூட வந்திருந்த அவர் மனைவிதான் முதலில் இறங்கினார். "எறக்குங்க. அது கேக்குறது ஞாயந்தான" என்றார்.

கொல்லையில் வேப்ப மரத்துக்கும் கல்தூணுக்கும் இடையே எட்டு முழம் இருந்தது. அண்ணன் இறக்கிக் கொடுக்க, அங்கே அடுக்கினோம். அந்த மதினி ஒவ்வொரு கட்டையையும் உருட்டிப் பார்த்து, வளைவுக்குள் வளைவைப் பொருத்தி வைத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். கையில் முள் கீறியதுகூடத் தெரியவில்லை. வெட்டிய மரத்தின் புளித்த வாசமும், கட்டையோடு கட்டை உரசும் சத்தமும், மஞ்சளாகிக்கொண்டே போன வானமும் சேர்ந்து என்னை எங்கோ கொண்டுபோயிருந்தன. முடியும்போது விறகு என் நெஞ்சு உயரம் வரும் என்று நினைத்திருந்தேன். இடுப்புக்கே ஒரு சாண் குறைந்தது.

அண்ணன் அதைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு கட்டையை அசைத்துப் பார்த்தார். பிறகு, "நான் வேணுமின்னு செய்யல தாயி. ஆளுக தூக்கிப் போடுவாக, நான் ஓட்டிக்கிட்டு வாரேன். இப்பிடி அடுக்கணுமின்னா ஆளுக்குக் கூலி ஆகுமே?" என்றார்.

அதுவும் உண்மைதான். அந்த நெருக்கத்தில் அடுக்க எங்கள் மூன்று பேருக்கே பொழுது சாய்ந்துவிட்டது. இனி டிப்பர் கணக்கு வேண்டாம், அந்த இடத்தில் நெஞ்சு உயரம் ஓர் அடுக்கு என்று பேசினோம். விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அடுக்குகிற வேலைக்கு அது தகும் என்று நானும் சம்மதித்தேன். அன்றைய குறைக்கு மறுநாள் பாதி லோடு கொண்டுவந்து, தானே நின்று அடுக்கினார். அந்த விறகு பதினாறு நாள் எரிந்தது. விறகை வீணாகத் தள்ளுகிறேன் என்று வீட்டுக்காரர் அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் அண்ணன் போன் செய்தார். "தாயி, இந்த வாரம் வெறகு கேக்காத. எல்லாம் நனைஞ்சு கெடக்கு, பொகஞ்சு கண்ணக் கெடுக்கும். ஒரு வாரம் கேஸ்ல ஓட்டு. காஞ்சத நானே கொண்டாரேன்."

கடையில் அந்த வாரம் சோறு நிறுத்தி, இட்லி மட்டும் போட்டோம். மழை விட்ட ஒரு காலையில் விறகு வந்தது. இறக்கும்போது மதினி இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, என் காதருகே பிடித்தார். கணீரென்று ஒரு சத்தம், நன்றாகக் காய்ந்த கட்டையின் சத்தம். ஈரக் காற்றில் அது நெடுநேரம் நின்றது.