குரலுக்கு ஓர் உருண்டை: மார்கழியில் வத்தல்மலை ஏறியது

சென்ற கிறிஸ்துமஸ் லீவில் வத்தல்மலை ஏறிவிட்டு வந்தேன். மார்கழிப் பனியில் மலைக்குப் போவதா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகலாம், தாராளமாகப் போகலாம். வெயில் காலத்தில் பாதி வழியிலேயே நாக்கு வறண்டுவிடும். மழைக்காலத்தில் பாதையே இருக்காது. நடப்பதற்கென்றே வாய்த்த இரண்டு மாதத்தை நம்மவர்கள் கதவைச் சாத்திக் கம்பளிக்குள் கழித்துவிட்டு, மாசி பிறந்ததும் மூட்டு வலிக்கிறது என்கிறார்கள்.

நான் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. தருமபுரியில் ஒரு ஹைஸ்கூலில் நான் டிரில் மாஸ்டர். பதினோரு வருஷமாக என் ஒரு குரலுக்கு முந்நூறு பையன்கள் ஒன்றாகத் திரும்புவார்கள். ஐப்பசி மழையில் நிமோனியா வந்து ஒரு மாதம் படுத்தேன். எழுந்து போனால், ஹெட்மாஸ்டர் என் விசிலைத் தம் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, என்னை லைப்ரரியில் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார வைத்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஒரு மலை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள், மார்பு சத்தம் போடாமல் இருந்தால் சர்டிபிகேட் எழுதித் தருகிறேன் என்றார்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் ஓடுகிற பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. மாட்டுவண்டிதான். அடிவாரம் சுமார் ஒன்பது மைல், இரண்டே முக்கால் மணி நேரம், வாடகை முக்கால் ரூபாய். என் மனைவி ஃபிளானல் சட்டை, காதை மூடுகிற குல்லா, கழுத்தில் மூன்று சுற்று மஃப்ளர் என்று கட்டி அனுப்பியிருந்தாள். வீடு திரும்பும்வரை மஃப்ளரை அவிழ்ப்பதில்லை என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குங்களா?" என்று கேட்டார். மலைக்கு என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். வழி முழுக்க இரண்டு பக்கமும் மொச்சைக்காடு, பனியில் அந்தப் பூவின் வாசனை ஆளைத் தூக்கியது.

அடிவாரத்தில் சின்னக்கண்ணு துணைக்குக் கிடைத்தார். மலைமேல் ராகியும் சாமையும் பயிர் செய்கிறவர். முந்தின நாள் சந்தைக்கு இறங்கி, உப்பு மூட்டையோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு வேட்டி, மேலே ஒரு துண்டு, செருப்பில்லாத கால். எட்டேகாலுக்கு நடக்கத் தொடங்கினோம். ஏற்றம் நான்கு மைல். மூட்டையோடு அவர் பேசிக்கொண்டே ஏறினார். மூச்சு வாங்குகிற வேகத்தில் நடக்கக் கூடாது, பேச்சு நின்றால் கால் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்காம். டிரில் புத்தகம் எதிலும் நான் படிக்காத பாடம். இரண்டு மைல்வரை நானும் பேசினேன். காலில் ஒரு குறையும் இல்லை. கழுத்துதான் மஃப்ளருக்குள் வெந்துகொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு பெரிய பாறைக்கு வந்தோம். அங்கே நின்று மேலே ஊரைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். கேட்டதும் மேலே நாயைக் கட்டிவிட்டு அடுப்பு மூட்டுவார்கள். எத்தனை குரலோ அத்தனை களி உருண்டை. சின்னக்கண்ணு மூட்டையை இறக்கிவைத்து ஒரு குரல் கொடுத்தார். மேலிருந்து ஒரு பெண் குரல் பதில் கொடுத்தது. எனக்கும் சேர்த்து அவரையே கூப்பிடச் சொன்னேன்.

"நானு கூப்பிட்டா எனக்குத்தானுங்க களி. உங்களுக்கு நீங்கதானுங்க கூப்பிடோணும்" என்றார்.

கூப்பிட்டேன். வந்தது குரலே இல்லை. கரகரவென்று ஏதோ வந்து இருமலில் முடிந்தது. மேலிருந்து பதில் இல்லை. சின்னக்கண்ணு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். லைப்ரரியும் பசைச் சட்டியும் என் கண்முன் வந்தன. வாழ்நாள் முழுக்க இனி அதுதானோ என்று உண்மையாகவே பயந்தேன்.

பிறகு கோபம் வந்தது. சத்தியத்தை மறந்து மஃப்ளரை அவிழ்த்தேன், குல்லாவையும் கழற்றினேன். வேர்த்த கழுத்தில் குளிர்காற்று பட்டது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேனே, அப்படி நிமிர்ந்து நின்று அடிவயிறுவரை பத்து மூச்சு இழுத்தேன். பதினொன்றாவது மூச்சில் கூப்பிட்டேன். எதிர்மலையில் பட்டு அது திரும்பி வந்தது. மேலிருந்து உடனே பதிலும் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னக்கண்ணு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, போலாமுங்க என்றார்.

பதினொன்றேகாலுக்கு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அவர் மனைவி நல்லம்மா மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தார். மூன்றிலும் ராகிக்களி, மொச்சைக்கொட்டைக் குழம்பு.

"நடுவுல இருமிக்கிட்டே கூப்பிட்ட பெரியவரு எங்கீங்க?" என்று பாதையைப் பார்த்தார். "பதிலு குடுத்தா மறுக்காவும் கூப்பிட்டுச் சிரமப்படுவாருன்னு சும்மா இருந்துட்டனுங்க."

சின்னக்கண்ணு குனிந்து களியைப் பிட்டார்.

"அவர் பாறைகிட்டேயே நின்னுட்டாரும்மா" என்றேன். "இனிமே வரமாட்டார்."

இறக்கம் இரண்டு மணி நேரம்தான், ஆனால் முழங்காலுக்கு அதுதான் சோதனை. கையில் ஒரு தடி வேண்டும். அடிவாரத்தில் மலேரியாக் காய்ச்சல் உண்டு, அதனால் கொய்னா மாத்திரை இல்லாமல் போகாதீர்கள். சட்டைக்கு மேல் ஒரு துண்டு போதும். மறுநாள் டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். விசில் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. சத்தியம் என்ன ஆயிற்று என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தப் பாறையில் நின்று ஒரே ஒரு தடவை, முழு மூச்சோடு கூப்பிடுங்கள். முனகிவிட்டு மறுபடி கூப்பிட்டீர்களானால் இரண்டு உருண்டை. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. மிச்சம் வைத்தால் நல்லம்மா முகம் வாடிவிடும். அந்தப் பெரியவர் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.