செவலைக்கு நான் பழக்கிய விசில்

அறுபதுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். மணியடித்தால் எச்சில் ஊறும் நாயைப் பற்றி உளவியல் வகுப்பில் சொன்னார்கள். அதை நானே செய்து பார்க்க வேண்டுமென்று ஒரு வெறி. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பெட்டியில் ஒரு டிரில் விசிலையும் கொண்டுவந்தேன்.

அண்ணன் அப்போதுதான் வண்டிக்குப் புது மாட்டு ஜோடி வாங்கியிருந்தான், ஒரு செவலை, ஒரு மயிலை. காலையில் தண்ணீர் காட்டக் கண்மாய்க்கு ஓட்டிப்போவது என் வேலை. வழியில் விசில் ஊதுவேன். மாடு நின்றால் ஒரு கை பருத்திக்கொட்டை. மயிலைக்கு அது கடைசிவரை ஏறவேயில்லை. செவலை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. மறைந்து நின்று ஊதினாலும் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊதிய பிறகு ஐம்பது எண்ணி, நூறு எண்ணித்தான் கொட்டையைக் கொடுத்தேன். அதுவரை ஒரு குளம்பைக்கூட அசைக்காது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. மாட்டோடு விளையாடுகிறேன் என்று திட்டுவான்.

சித்திரைக் கடைசியில், பருத்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ஜின்னிங் ஆலைக்கு அண்ணன் வண்டி பூட்டிக் கிளம்பினான். நூல் கடையில் ஒரு வேலை இருந்ததால் நானும் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. கேட்டுக்காரர் அதைச் சாத்த வந்துகொண்டிருந்தார். அதற்குள் போய்விடலாமென்று அண்ணன் மாடுகளை விரட்டினான். நாங்கள் தண்டவாளத்தில் ஏறியதும், சீக்கிரம் போகச் சொல்லி அவர் விசிலை எடுத்து ஊதினார்.

செவலை நின்றுவிட்டது.

மயிலை இழுத்தது. நுகத்தடி கோணிக்கொண்டது. "ஹை! ஹை!" என்று அண்ணன் சாட்டையை வீசினான். செவலையின் முதுகுத் தோல் துடித்ததே தவிர, கால் நகரவில்லை. தெற்கே ரயிலின் புகை தெரிந்தது. கேட்டுக்காரர் பதறிப்போய் விடாமல் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஊதாதீங்க! ஐயா, ஊதாதீங்க!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

"ஏட்டி, குதிச்சு அங்கிட்டு ஓடு!" என்றான் அண்ணன். அவன் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இழுக்க இழுக்க அது காலை ஊன்றி நின்றது.

குதித்தேன். முழங்கால் சல்லியில் சிராய்ந்தது. ஓடவில்லை. செவலையின் முன்னால் போய், கொட்டை வைத்திருப்பதுபோல் கையை மூடி நீட்டினேன். அதன் மூக்கு விரிந்தது. நான் ஓரடி பின்னால் வைத்தேன், அது ஓரடி முன்னால் வைத்தது. எஞ்சின் சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. "வா, வா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். பின்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கியதும் அண்ணன் என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். ரயில் கடந்துபோன காற்றில் மூட்டைகளின் மேலிருந்த சாக்கு பறந்தது.

செவலை என் கையை முட்டியது. விரித்தேன். ஒன்றுமில்லை.

ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. அண்ணன் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தான். பிறகு, "நடுத் தண்டவாளத்துல நின்ன மாடு வீட்டுக்கு ஆகாது. வார சந்தையில தள்ளிர வேண்டியதுதான்" என்றான். அடிமாட்டுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். செவலையின் முதுகில் சாட்டைத் தடம் தடித்திருந்தது.

"அது மேல தப்பில்லண்ணே. நான்தான் பழக்கினேன்."

"என்னட்டி சொல்லுத?"

சொன்னேன். விசில், கொட்டை, நூறு எண்ணியது எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் எழுந்து போய், தடித்த தோலில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.

"சொன்னதக் கேட்டு நின்ன மாட்டையா இப்படி அடிச்சேன்?" என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, "லீவு முடியுததுக்குள்ள மறக்க வையி. இல்லேன்னா இது சந்தைக்குத்தான்."

பழக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. மறக்கவைக்க ஒரு மாதம் போதுமா என்று தெரியவில்லை. ஊதுவேன், கொட்டை தரமாட்டேன். அது நின்று என் கையையே பார்க்கும். பிறகு தலையால் முட்டும். ஒருநாள் அடித்தொண்டையில் கத்தி, என்னைக் கண்மாய்ச் சகதியில் தள்ளிவிட்டது. மடியில் கட்டியிருந்த கொட்டையை அவிழ்த்துவிடக் கை போகும். ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் எல்லாம் பாழ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடப்பேன்.

நான் கிளம்புவதற்கு முதல்நாள், அண்ணன் வெறும் வண்டியைப் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தான். பாதையோரம் நின்று ஊதினேன். செவலையின் காது என் பக்கம் திரும்பியது. கால் நிற்கவில்லை. மறுபடி ஊதினேன். வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று.

அண்ணன் திரும்பிப் பார்த்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் என் விசிலை அது இனி நம்பாது என்று நினைத்ததும் அன்று சோறு இறங்கவில்லை.