தீவைச் சுற்றிய நாற்பத்தேழு மைலும் பாலிக் பூலாவில் இருபது நிமிடமும்

கடிதம் எண் 3
ஆயர் ஈத்தாம், பினாங்கு.
1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 4.10 (புது நேரம்).

அன்புள்ள நண்பர்கள் நால்வருக்கும்,

வரும் மார்ச் மாதத்தில் நீங்கள் நால்வரும் சைக்கிளில் இத்தீவைச் சுற்றிவரப் போவதாகவும், அதற்கு முன் என் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கும் அந்த ஆசை இருந்தது. நடுவே உயர்ந்து நிற்கும் மலையையும் அதன் காப்புக் காட்டையும் ஒருமுறையாவது முழு வட்டமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அறுபத்தொரு வயதில் தோன்றியது. சென்ற ஜனவரி 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை கிளம்பினேன். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், விடுமுறை, வளர்பிறை, தை மாதம்.

நாள் பார்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் மகன் சபாபதி எதிர்க்கரையில் சிம்பாங் அம்பாட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பதை அறிவீர்கள். போன வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தில் அவன் ஒரு பெண்ணைப் பார்த்தான். பாலிக் பூலாவ் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மகள். இருபத்தெட்டு வயது வரை எந்தப் பேச்சுக்கும் பிடி கொடுக்காதவன், தானாக வந்து தாயிடம் சொன்னான். ஜாதகங்கள் மாற்றிக்கொண்டோம், பொருத்தம் நன்றாகவே இருந்தது. ஆண்கள் போய் முதல் பேச்சைப் பேசிவர வேண்டியதுதான் பாக்கி. பாலிக் பூலாவ் நான் போகும் வழியில் இருப்பதால் இரண்டு காரியத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

துணைக்கு என் மனைவியின் தம்பி சிங்காரம் வந்தார். நாற்பத்தெட்டு வயது, கொஞ்சம் பருமன், ஓயாத வாய். பஸ்ஸில் போகலாம் என்பதே முதலிலிருந்து அவர் கட்சி. காலை மணி 6.00க்கு, இருட்டு விலகுமுன், ஆயர் ஈத்தாமை விட்டுக் கிளம்பினோம். சலவை வேட்டியும் கோட்டும் காகிதத்தில் சுற்றிப் பின் கேரியரில் கட்டியிருந்தேன்; தாம்பூலத் தட்டு சிங்காரத்தின் சைக்கிளில் இருந்தது.

குளுகோர் வரை பாதை சமதளம், இடப்பக்கம் கடல். அங்கிருந்து பாயான் லெப்பாஸ் வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிழலாகப் போகலாம். என் சக்கரத்தில் பொருத்திய மைல் கருவி அங்கே ஒன்பதரை மைல் காட்டியது. மணி 7.10. இந்த வேகத்தில் போனால் ஒன்பதுக்கு முன்பே பாலிக் பூலாவ் என்று மனம் நிறைந்திருந்தது. தெலுக் கும்பாருக்கு அரை மைல் இருக்கையில் என் பின் சக்கரம் காற்றிறங்கியது. ஒட்டுப் போட எடுத்தபோது ரப்பர்ப் பசைக் குழாய் உலர்ந்து கல்லாகிக் கிடந்தது. புத்தாண்டானபடியால் சீனர் சைக்கிள் கடைகள் எல்லாம் அடைப்பு. கடைசியில் ஒரு மலாய்க்காரர் தம் வீட்டிலிருந்து பசை கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

அதன்பின் கெந்திங் ஏற்றம். இரண்டு மைல் தூரமும் இறங்கித் தள்ளித்தான் ஏறினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உச்சியிலிருந்து மேற்குக் கரையின் வயல்கள் பச்சைப் பாயாகத் தெரிகின்றன. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலிக் பூலாவ் கடைத்தெருவில் நுழைந்தபோது மணி 10.52.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பஞ்சாங்கப்படி பத்தரை முதல் பன்னிரண்டு. ஆனால் இந்த ஜனவரி முதல் தேதி அரசாங்கம் நம் கடிகாரங்களை இருபது நிமிடம் முன்னே தள்ளிவிட்டது. கடிகாரம் நகர்ந்ததே ஒழிய சூரியன் நகரவில்லை. ஆகவே புது நேரப்படி ராகு காலம் 10.50க்குத் தொடங்கி 12.20க்கு முடிகிறது என்பது என் கணக்கு. இரண்டு நிமிடத்தில் தவறவிட்டிருந்தேன்.

டிரெசர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு தமிழ் முஸ்லிமின் காப்பிக்கடை இருந்தது. அங்கே கைகால் கழுவி, உடை மாற்றி, காத்திருப்பதென்று முடிவு செய்தேன். காப்பி ஒரு கோப்பை மூன்று காசு, நன்றாகவே இருந்தது. எதிர் வீட்டில் எங்களைப் பார்த்துவிட்டார்கள் என்பது ஜன்னல் திரை அசைந்ததில் தெரிந்தது. அதில் பிசகில்லை. பெண் வீட்டார் நம்மவர்கள்; ராகு காலத்தில் படியேறாமல் இருப்பதன் காரணம் அவர்களுக்குத் தெரியாதா.

பன்னிரண்டு அடித்ததும் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. டிரெசர் கோட்டும் தலைப்பாகையுமாக வாசலுக்கு வந்து, எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அத்தான், ஆளு வந்துட்டாரு. எந்திரிங்க லா," என்றார் சிங்காரம்.

"இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது."

"மணி பன்னெண்டு ஆச்சுங்க."

"புது மணி. பழைய மணிக்குப் பதினொன்று நாற்பது."

சிங்காரம் கடைக்காரரைப் பார்த்தார். "கேட்டீங்களா நானா? கவருமெண்டு மணிய மாத்தினது நமக்குத் தெரியும். ராகுவுக்கு யாரு நோட்டீசு குடுத்தா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கோப்பைகளை எடுத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பெரியவரே, அந்த மனுசன் வெயில்ல நிக்கிறாரு. இந்தத் தெருவுல அவருகிட்ட மருந்து வாங்காத வீடு இல்ல. போயிருங்க," என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. டிரெசரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். 'சற்றுப் பொறுங்கள்' என்று பொருள். முப்பத்தோரு வருஷம் ஆபீசில் பியூன்களுக்குக் காட்டிய அதே கை. அது என் நினைவுக்கு வந்தது பிறகுதான்.

அவர் கூப்பிய கையை இறக்கினார். உள்ளே போகவில்லை; அங்கேயே நின்றார். பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த சீனப் பிள்ளைகள் நிறுத்திவிட்டு அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

12.20க்குத் தெருவைக் கடந்தேன்.

"வாங்க, உக்காருங்க," என்றார் டிரெசர். குரலில் குறையொன்றுமில்லை. "ராகு முடிஞ்சிருச்சுங்களா?"

"இப்போதுதான் முடிந்தது," என்று கணக்கைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்ணே. நீங்க வந்தப்பவே தெரியும், ராகு காலம்னுதான் ஒக்காந்திருக்கீங்கன்னு. வீட்டுலகூட சொன்னேன், ஒழுங்கான மனுசங்கன்னு." தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். "பன்னெண்டுக்கு மேல இருபது நிமிசம் வாசல்ல நின்னேன். நீங்க என்னையப் பாத்தீங்க. ஒரு வார்த்த சொல்லி அனுப்பல. நாளைக்கு எம்பொண்ணு உங்க வீட்டுல எத்தன நேரம் நிக்கணுமோன்னு யோசிச்சேன்."

சிங்காரம்தான், "அவரு மனசுல ஒண்ணும் இல்லண்ணே, பஞ்சாங்கம் பாக்குற பழக்கம்," என்று முனகினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் டிரெசர்.

சாப்பிட்டோம். வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தார்கள். பெண் வெளியே வரவில்லை. எங்கள் தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. புறப்படும்போது டிரெசரே அதை எடுத்துச் சிங்காரத்தின் கையில் கொடுத்தார்.

சிங்காரம் தம் சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். கட்டணம் சைக்கிளோடு முப்பத்தைந்து காசு. ஏறுமுன், "நீங்களும் வாங்க அத்தான்," என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் சுற்றை முடிப்பதாகச் சொன்னேன். வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பாலிக் பூலாவுக்கு வடக்கே பாதை காட்டுக்குள் ஏறுகிறது. இச்சுற்றில் மிக அழகான பகுதி இதுதான் என்று பலர் சொல்வார்கள். இருபுறமும் கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டங்கள். மேலே போகப் போக வானம் தெரியாத பெருமரங்கள். பாதையோரத்தில் அருவி ஒன்று பாறையில் விழுகிறது; தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சி. அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். தெருவைக் கடந்து, படியேறாமல், வாசலில் அவரோடு நின்றே பேசிக்கொண்டிருந்திருக்கலாம்; ராகு காலத்தில் வாசலில் நிற்பதற்குத் தடையில்லை. இப்படி எத்தனையோ வழிகள் அந்தப் பாறையில் உட்கார்ந்தபோது தோன்றின. காப்பிக்கடையில் ஒன்றும் தோன்றவில்லை.

தெலுக் பாஹாங் இறக்கம் செங்குத்தானது. வளைவுகளில் மாட்டு வண்டிகள் எதிர்ப்படும். பத்து பிரிங்கி, தஞ்சோங் பூங்கா வழியாக வீடு சேர்ந்தபோது இரவு மணி 7.35. மொத்தம் நாற்பத்தேழு மைல்.

பிப்ரவரி 3ஆம் தேதி சபாபதியின் ஜாதகம் பஸ் கண்டக்டர் மூலம் திரும்பி வந்தது. உறையில் கடிதம் எதுவும் இல்லை. வழக்கம்போல் ஞாயிறன்று சபாபதி வந்தபோது நடந்ததைச் சொன்னேன்.

"அவரு நிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரிந்தது," என்றேன்.

சாப்பிடாமல் படகுக்குப் போய்விட்டான். சென்ற ஞாயிறு வரவில்லை. இன்றும் இதுவரை வரவில்லை; நான்கு மணிப் படகும் போய்விட்டது. அவன் தாய் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

உங்களுக்கு என் யோசனைகள் இவை. தெற்கே தொடங்கி வடக்கே முடியுங்கள். கெந்திங் ஏற்றத்தைக் காலைக் குளிர்ச்சியில் கடந்துவிடலாம். கிளம்புமுன் ரப்பர்ப் பசைக் குழாயைத் திறந்து பாருங்கள். தெலுக் பாஹாங் இறக்கத்துக்கு முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் வேண்டும். பாலிக் பூலாவுக்கும் தெலுக் பாஹாங்குக்கும் இடையே கடையில்லை. சாப்பாடு எடுத்துச் செல்லுங்கள். பயணத்தோடு வேறு காரியம் எதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். சேர்க்க நேர்ந்தால், போய்ச் சேரும் நேரமே நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தலைமைக் கிராணி.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. பாதைப் படம், ஏற்ற இறக்கங்கள் குறித்தது.
2. மைல் அட்டவணை, ஒரு தாள்.
3. மூடிய உறை ஒன்று. டிரெசர் மகளின் ஜாதகம். இதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. நேரில் கொடுப்பதற்காக இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் குளுகோரிலிருந்து திரும்பிவிட்டேன். உங்களில் ஒருவர் இரு கையாலும் அவரிடம் கொடுக்க வேண்டுகிறேன். அவர் என்னைப் பற்றிக் கேட்டால், நான் வருந்துவதாகச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், சபாபதியை மட்டும் ஒருமுறை பார்க்கும்படி சொல்லுங்கள். அவன் தனியாக வருவான்.