தனியாக இருக்கும்போது எந்தப் பாஷை?

எனக்குக் குரல் பெரிது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். வரிசை வரிசையாக மெஷின் ஓடும் ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பேசிப் பேசிப் பழகிவிட்டது. வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. நான் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான், எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் என்னைத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்ட அன்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க யாரும் போலீஸ் இல்ல. லத்தி கிடையாது, மிரட்டல் கிடையாது. யார்கிட்டயும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது" என்றார் அவர்.

முதல் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறேன்.

நானாவது, போலீஸ் ஸ்டேஷனாவது! எங்கள் வீட்டில் யாரும் அந்த வாசல் வழியாக நடக்கக்கூட மாட்டோம். எதிர்ச்சாரிக்கு மாறிப் போவோம். தப்பு எதையும் செய்துவிட்டு அல்ல, சும்மா ஒரு பயம். அங்கே போனால் கைதியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் அழுதுகொண்டு போக வேண்டும் என்பதுதான் நாங்கள் அறிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் இரண்டாவது விதமாகப் போனேன்.

என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் டிரம் ஓட்டியவர். பச்சைத் தோலையும் மருந்தையும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடும் பெரிய மர உருளைகள் அவை. மீசை முளைக்கும் வயதில் உள்ளே போனவர், மீசை நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். வந்த கொஞ்ச காலத்தில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகள் பெயர். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? சர்க்கரை வேறு. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும், போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார், நேரத்தோடு கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அந்த டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஊசியைப் போட்டுவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனேன். தட்டோடு திரும்பினால் நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது.

தெருவெல்லாம் ஓடினேன். பால் பூத், மருந்துக்கடை, ரயில்வே கேட் வரை. கையில் தட்டு இருந்தது என்பதே எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர்தான், "ஸ்டேஷனுக்குப் போங்கம்மா, நேரத்தை வீணாக்காதீங்க" என்று என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு மேசை. அதன் பின்னால் இளவயதுப் பெண் காவலர் ஒருத்தி. "உக்காருங்கம்மா" என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்காரச் சொல்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கே அழுதுவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள். ஊசி விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. மனு, கையெழுத்து எல்லாம் அப்புறம் என்று தள்ளிவைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அடையாளம் சொல்லுங்க. போட்டோ இருக்கா?"

என் போன் முழுக்கப் பேரன்தான். தேடித் தேடி மகள் கல்யாணத்தில் எடுத்த ஒன்றைக் கொடுத்தேன். மழமழவென்று கன்னம், மை அடித்த மீசை, கடனுக்கு வாங்கிய கோட்டு. "இப்போ தாடி இருக்கு" என்று சொல்லத்தான் செய்தேன். கத்தியைக் கண்டாலே பயந்துபோய் யாரையும் பக்கத்தில் விடமாட்டார் என்பதால் மாதக்கணக்கில் வளர்ந்த தாடி. ஆனால் படம் படம்தானே. அந்தப் படமும், தமிழ் பேசுகிற, மீசை வைத்த பெரியவர் என்ற குறிப்பும் நாலா பக்கமும் போயின. வாணியம்பாடி, மாதனூர், பேர்ணாம்பட்டு என்று அவள் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றே பதில் வந்தது.

மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பாய் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். புர்காவுக்கு மேலே, தன்னார்வலர்கள் போடுகிற பளிச்சென்ற பச்சைக் கோட்டு. என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். உருது மட்டும் தெரிந்த பெண்கள் புகார் கொடுக்க வந்தால் அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வது அவர் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அவ்வளவு கேள்வி கேட்டார். தலையில் என்ன கட்டியிருந்தார், எந்தக் கம்பெனியில் வேலை செய்தார், முதலாளி யார், கூட வேலை செய்தவர்கள் யார். புருஷனைக் காணோம் என்று நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"அக்கா, அவரு தனியா இருக்கும்போது இன்னா பாஷையில பேசுவாரு?" என்றார் கடைசியாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா பாஷைன்னா? நாங்க தமிழுதான். எங்கப்பன் தமிழு, அவங்கப்பன் தமிழு. ஊட்ல தமிழைத் தவிர வேற இன்னா பேசுவாங்க?" ஸ்டேஷன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. லாக்கப் பக்கமிருந்துகூட ஒரு தலை எட்டியது.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "ஊட்ல இல்லக்கா. அவரா, தனியா, வாய்க்குள்ள" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பின்கட்டுக் குழாயைப் பார்த்து அவர் சொல்லிக்கொண்டிருப்பது. "பானி பஸ், பானி பஸ்." தண்ணீர் போதும், போதும். வாஷிங் மெஷின் சுற்றும்போது அதன்மேல் கை வைத்துக்கொண்டு யாரிடமோ உருதுவில் கணக்குச் சொல்வது. தோல் கம்பெனியில் முதலாளியும் மேஸ்திரியும் உருதுவில்தான் பேசுவார்கள். பக்கத்தில் நின்று டிரம் சுற்றுகிறவர் தமிழராகவே இருந்தாலும், உள்ளே போய்விட்டால் வாயில் வருவது அந்தப் பாஷைதான். இந்த மறதி வந்த பிறகு வீடு அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, கம்பெனி மட்டும் போகவில்லை. ஆறேழு மாதமாக என் காது கேட்டதுதான். கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

"உருதுதான்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் இறங்கியது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா தன் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் முன்னால் அவருடைய நாத்தனார் வீட்டிலிருந்து குரல் செய்தி ஒன்று வந்திருந்ததாம். பள்ளிகொண்டாவில் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவரை இறக்கிவிட்டிருக்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டதற்கு அவர் உருதுவிலேயே பதில் சொல்ல, ஜும்மா தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டாராம். தாடி, வெயிலுக்குத் தலையில் கட்டிய வெள்ளைத் துணி, வாயில் உருது, வெள்ளிக்கிழமை மதியம். யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? வேலூர்ப் பக்கத்து ஜமாத்துகளில் எல்லாம் "யார் வீட்டுப் பெரியவர் காணாமல் போனார்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தமிழ் பேசும் மீசைக்காரரைத் தேடினோம். அவர்கள் தாடிக்காரருக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தைத் தேடினார்கள். ஒரே மனிதர்தான்.

அந்த அம்மா கூப்பிட்டுப் பேசி, போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மறுமுனையில் அந்தப் பெரியவரிடம் யாரோ போனைக் கொடுக்கும் சத்தம். பிறகு, "டிரம் பந்த் நை கரோ" என்று ஒரு குரல். டிரம்மை நிறுத்தாதே.

"சாப்டாரா? கேளுங்க, சாப்டாரான்னு கேளுங்க!" என்று கத்தினேன். நான் கேட்டது பள்ளிகொண்டாவுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

சாப்பிட்டாராம். வந்து இறங்கியபோதே கை நடுங்குவதைப் பார்த்து, முதலில் பேரீச்சம்பழமும் சர்க்கரை போட்ட டீயும் கொடுத்து, தொழுகை முடிந்ததும் சோறு போட்டிருக்கிறார்கள். யார், எந்த ஊர், என்ன பெயர் என்று ஒன்றும் தெரியாமலே. அந்தப் பேரீச்சம்பழத்தைக் கொடுத்த கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஸ்டேஷன் ஜீப் வெளியே போயிருந்தது. அந்த அம்மாவே தன் காரை எடுத்தார். பெண் காவலர் முன்னால், நான் பின்னால், மடியில் அந்தச் சோற்றுத் தட்டு. பச்சைக் கோட்டோடு ஹைவேயில் லாரிகளைத் தாண்டிக்கொண்டு அவர் ஓட்டிய வேகத்துக்கு, கூட இருந்த போலீஸே அபராதம் போட்டிருக்கலாம். நான் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

பள்ளிவாசல் நிழலில், விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை. ஆள் கிடைத்துவிட்டார், நான் அவருக்குக் கிடைக்கவில்லை.

பெண் காவலர் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒப்படைக்கிறதுக்கு முன்னால அவரை ஒரு வார்த்தை கேக்கணும், அதான் முறை." அந்த அம்மா குனிந்து உருதுவில் கேட்டார். இவங்க யாரு?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தட்டைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்கயா போன? சோத்தைப் போட்டுட்டு வர்றதுக்குள்ள எங்கயா போன?" என்று போட்டேன் ஒரு சத்தம்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவிடம் திரும்பி, என்னைச் சுட்டிக்காட்டி, "பஹுத் சில்லாதி ஹை" என்றார். ரொம்பக் கத்துவா.

பெண் காவலருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "சந்தேகமே இல்ல, சம்சாரம்தான்" என்று சிரித்தபடி என்னிடம் கையெழுத்து வாங்கினாள்.

அடுத்த மாதம் அதே மேசைக்குப் போய், எனக்கும் ஒரு பச்சைக் கோட்டு கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் போகிறேன். மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பேன். ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டைச் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து போகிறவர்களிடம் சொல்வேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளை ரோடு தாண்டவைப்பேன். லாரிக்காரர்கள் என் குரலுக்கே நின்றுவிடுகிறார்கள், சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறார். அங்கே இருக்கிற எல்லோரும் தங்கம் என்று எழுத மாட்டேன். எரிந்து விழுகிற ஆளும் உண்டு, காலில்லாத நாற்காலியும் உண்டு. ஆனால் யார் வந்தாலும் "உக்காருங்க" என்று முதலில் நான் சொல்கிறேன். காணாமல் போனவரைத் தேடி வந்தால், தனியாக இருக்கும்போது எந்தப் பாஷையில் பேசுவார் என்று கேட்கிறேன். சிலர் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

போன வாரம் ஸ்டேஷனில் கூட்டம் ஜாஸ்தி, வர நேரமாகிவிட்டது. மகள் அவசரமாகக் கிளம்பிப் போனாள். கோட்டைக் கழற்றாமலே நான் உள்ளே நுழைய, அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அதிகாரியைக் கும்பிடுவது போலக் கை கூப்பினார். உருதுவில்தான் பேசினார். அந்த அம்மா புண்ணியத்தில் எனக்கும் இப்போது கொஞ்சம் புரியும்.

"சாப், என் வீட்டுக்காரியைக் காணோம். காலையிலேர்ந்து காணோம்."

மேசை இல்லாவிட்டால் என்ன? எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உக்காருங்க" என்றேன். "அடையாளம் சொல்லுங்க."

நிறம், உயரம், சேலை எதுவும் அவருக்கு வரவில்லை. "கத்துவா" என்றார். "அவ சத்தம் கேட்டாத்தான் இது என் வீடுன்னு எனக்குத் தெரியும்."

தேடிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன். சமையல்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்து வைத்து, மெஷின் ஹாலில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"இன்னாங்க! சோறு ஆறுது, வர்றீங்களா இல்லியா?"

கூடத்தில், நாற்காலியில் தொங்கிய பச்சைக் கோட்டிடம் அவர் சொல்வது கேட்டது. தமிழில் சொன்னார்.

"நீங்க போங்க சாப். வந்துட்டா."