அஸருக்குப் பிறகு நல்லடக்கம்

பயந்தவள் படிக்கக் கூடாத படிப்பு என்று ஒன்று இருந்தால் அது புரோகிராமிங்தான். கணினி நாம் சொன்னதை மட்டுமே செய்யும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று பாடத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு என்னைத் தெரியாது. சொன்னதை அப்படியே செய்துவிடும் ஒன்றைவிடப் பயங்கரமானது வேறென்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் உம்மா கோபம் வந்தால் எங்காவது போய்த் தொலையச் சொல்வார். நாங்கள் யாரும் இதுவரை போனதில்லை. கணினி என்றால் போயிருக்கும்.

உயர்தரப் பரீட்சையில் எனக்கு வந்த பெறுபேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக்கும் போதவில்லை. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தைப் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போவதோடு சரி. அப்போதுதான் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்திட்டம் கிடைத்தது. பட்டப்படிப்பில் இருப்பவற்றை வரிசையாக அடுக்கி, இதை முடித்தபின் இது என்று பாதை போட்டிருந்தார்கள். முதலில் நிரல் எழுதுவது, பிறகு கணினிக்குள் நடப்பது, பிறகு தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகள், பிறகு ஒரு கணினி இன்னொன்றோடு பேசும் விதம். ஆசிரியரும் இல்லை, கூடப் படிப்பவர்களும் இல்லை. சிவப்பு எழுத்தில் பிழை காட்டும்போதெல்லாம் கணினியை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். இருந்தும் ஒவ்வொரு படியாக ஏறி வந்துவிட்டேன்.

கடைசிப் படியில், உண்மையான மனிதர்கள் பயன்படுத்தும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்றிருந்தது. எங்கள் மஹல்லாவில், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த வீடுகளில், யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடற்காற்று வீசும் நாட்களில் பாதிச் சொல் காற்றோடு போய்விடும். யார் மௌத்து, எத்தனை மணிக்கு அடக்கம் என்று பெண்கள் மதிலுக்கு மேலால் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அந்த ஜனாஸா அறிவித்தலை எல்லா வீட்டுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும் நிரல் ஒன்றைச் செய்தேன். பள்ளிவாசல் செயலாளர் சந்தோஷப்பட்டு, மஹல்லாவின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் தந்தார்.

ஜனாஸா அறிவித்தலில் மௌத்தானவரின் பெயரோடு அவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருடைய தகப்பன், சகோதரன் என்று நீளமாக வரும். அந்த நீளம்தான் என் நிரலுக்குத் தலைவலி. உறவுகள் கூடினால் செய்தி நடுவில் அறுந்துபோனது. அதைத் திருத்திப் பார்க்க, எல்லா உறவும் எனக்குத் தெரிந்த பெரிய குடும்பம் ஒன்று வேண்டியிருந்தது. அப்படி எனக்குத் தெரிந்தது எங்கள் குடும்பம் மட்டும்தான். வாப்பாவுக்குத் தம்பி தங்கைகள் அதிகம். ஆகவே பரீட்சித்துப் பார்க்க வாப்பாவையே மௌத்தாக்கினேன். பின்னேரத் தொழுகை முடிய, அஸருக்குப் பிறகு நல்லடக்கம் என்று நேரமும் போட்டேன்.

நிரலில் இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தேன். பரீட்சிக்கும் பட்டியலில் என் இலக்கம் மட்டும் இருந்தது. மற்றது மஹல்லா முழுவதும். முந்தின நாள் உண்மையாகவே ஒரு முதியவர் மௌத்தாகி, செயலாளர் கேட்டபடி மஹல்லாப் பட்டியலுக்கு மாற்றி அனுப்பியிருந்தேன். எல்லோரும் மெச்சினார்கள். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் பட்டியலைத் திரும்ப மாற்ற மறந்துபோனேன்.

காலையில் வாப்பாவின் அறிவித்தலை ஓடவிட்டேன். என் போன் ஒலித்தது. செய்தி அறுந்துபோகாமல் முழுதாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் முடிவதற்குள் குசினியில் உம்மாவின் போன் ஒலித்தது. உம்மாவின் இலக்கம் என் பட்டியலில் இல்லையே என்று யோசிக்கும்போதே மதிலுக்கு அந்தப்பக்கம் ஒன்று ஒலித்தது, பிறகு எதிர்வீட்டில். ஒழுங்கை நெடுக வீட்டுக்கு வீடு கேட்டது. 

உம்மா அயலில் யாரோ என்ற நினைப்பில் நிதானமாகத்தான் வாசித்தார். பிறகு அகப்பையோடு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் காலடியில் இருந்துகொண்டு, அது பொய், நான்தான் பரீட்சித்துப் பார்க்கும்போது பிழையாக அனுப்பிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உம்மா என்னைத் திட்டவில்லை.

“அப்ப வாப்பாக்கு கோல் எடு,” என்றார்.

வாப்பா விடிய சுபஹ் தொழுதுவிட்டு வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலுக்குப் போயிருந்தார். அன்று வேளாண்மை வெட்டு, நெல் அறுக்கும் நாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. வெட்டு மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது, போனையும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வரம்பில் இறங்குவார். வேறு நாளென்றால் இதை நானே உம்மாவுக்குச் சொல்லியிருப்பேன். அன்று எனக்கே அது நம்பிக்கையாகப் படவில்லை. அவருக்குப் பிரஷர் இருந்தது. குளிசை அட்டை அலுமாரியின் மேல் கிடந்தது. காலையில் குளிசை போட்டாரா என்று கேட்டேன். உம்மாவுக்கு ஞாபகமில்லை.

திருத்தம் அனுப்ப வேண்டும். ஆனால் அந்த விசையை மறுபடி அமுக்க எனக்குப் பயம். முந்தைய அறிவித்தல் பிழையானது என்று எழுதி, அதைப் பலமுறை வாசித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். உடனே கோல்கள் வரத் தொடங்கின. அறிவித்தலில் நேரம்தான் பிழையாக்கும் என்று நினைத்து, சரியான நேரம் என்னவென்று கேட்டார்கள். நான் அழுதுகொண்டே பதில் சொன்னேன். அழுகையைக் கேட்டவர்களுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வாப்பாவின் தம்பியான என் சாச்சா வந்து, நடந்ததைக் கேட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாப்பாவைத் தேடி மோட்டார் சைக்கிளில் வரிப்பத்தான்சேனைக்குக் கிளம்பினார். யாரோ முற்றத்தில் கதிரைகளை அடுக்கினார்கள். எல்லோருக்கும் பொய்யென்று சொன்னோம். சிலர் நம்பித் திரும்பினார்கள். சிலர் வாப்பாவைக் கண்ணால் கண்டுவிட்டே போவதாக இருந்தார்கள். உள்ளே ஒரு மாமி, எதற்கும் ஓதுவது நல்லதுதானே என்று, மௌத்து வீட்டில் ஓதும் யாஸீனை எடுத்தார்.

அப்போது செயலாளர் கோல் எடுத்தார். “மையவாடியில கபுறு வெட்டத் தொடங்கிட்டாங்க புள்ள. நிப்பாட்டச் சொல்லவா?”

ஓம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான். என்னால் உடனே சொல்ல முடியவில்லை. வாப்பா இன்னும் போன் எடுக்கவில்லை. நான் அனுப்பியது ஒருவேளை பொய்யில்லாமல், கொஞ்சம் முந்தி வந்த செய்தியாக இருந்தால்? நான் சொன்னதை எங்கோ ஏதோ ஒன்று அப்படியே செய்துவிட்டால்? பாடத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். கணினிக்கு வரிப்பத்தான்சேனை எங்கேயென்றுகூடத் தெரியாது. எல்லாம் தெரிந்தும், செயலாளர் மறுபடி கேட்டபின்தான் நிப்பாட்டச் சொன்னேன். யாஸீன் ஓதிய மாமி அதைக் கேட்டுவிட்டு, தொடங்கிய கபுறுக் குழியைச் சும்மா விடுவது நல்லதில்லை என்று முணுமுணுத்தார். அந்த மாமியை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லி வெகுநேரமாகியும் சாச்சாவிடமிருந்து தகவல் இல்லை. உம்மா வாசலைப் பார்த்தபடியே இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, இனிமேல் கணினியைத் தொடவே மாட்டேன் என்று அல்லாஹ்விடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

வாப்பா தனியாகத்தான் வந்தார். சாச்சா ஒரு பாதையால் போக, இவர் மறு பாதையால் வந்துவிட்டார். தலையெல்லாம் வைக்கோல் தூசி. வழியில் தேநீர்க் கடையில் நின்றபோது கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம், அதில்தான் விஷயம் தெரிந்ததாம். முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பி வழிவிட்டார்கள். உம்மா கிட்டப் போய் அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். வாப்பா தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன்.

“நீயா புள்ள அனுப்பின?”

“ஓம் வாப்பா.”

“எத்தின மணிக்கு அடக்கமெண்டு போட்ட?”

“அஸருக்குப் பொறகு.”

அவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். “நல்ல நேரம். வெயிலும் தணிஞ்சிரிக்கும், வேலைக்குப் போன ஆக்களும் வந்து சேந்திருவாங்க.” பிறகு முற்றத்தைப் பார்த்து, வந்தவர்கள் எல்லோரும் பிளேன்டீ குடித்துவிட்டுப் போகட்டும், ஆனால் இன்றைக்கு வந்துவிட்டோமே என்று மறுகா, அடுத்த முறை, வராமல் இருந்துவிடக் கூடாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உம்மாவுக்கும் சிரிப்பு வரவில்லை.

அஸர் தொழப் பள்ளிவாசலுக்கு வாப்பா நடந்தே போனார், நடந்தே வந்தார். வந்ததும் அந்த அறிவித்தலைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெல் விலை பார்ப்பதுபோல வரிவரியாக வாசித்தார்.

“இதுல ஒராள் குறையுது.”

ஏதோ ஒரு மாமியை விட்டுவிட்டேனாக்கும் என்று நினைத்தேன்.

“உன்ட நானாவப் போடல்லியே.”

நானா என் மூத்த சகோதரன், சுனாமியில் கடல் வந்த அன்று போனவர். நான் அப்போது பிறக்கவில்லை. அவருடைய படம்கூட வீட்டில் இல்லை. அவரைப் பற்றி யாரும் கதைப்பதுமில்லை. பிள்ளைகள் என்று நான் போட்டது அக்காவான ராத்தாவையும் என்னையும் மட்டும்தான்.

“மர்ஹூம் எண்டு போட்டு, அவன்ட பேர முதல்ல போடு. மூத்தவன் அவன்தானே.”

வாப்பா தோளருகே நிற்க, அவருடைய ஜனாஸா அறிவித்தலைத் திருத்தி, மௌத்தானவர்களுக்குப் போடும் மர்ஹூம் என்ற சொல்லைச் சேர்த்தேன். நானாவின் பெயரை இரண்டு தடவை பிழையாக அடித்தேன். ஓடவிடுவதற்கு முன் பட்டியலைப் பார்த்தேன், இன்னொரு முறை பார்த்தேன், வாப்பாவுக்கும் காட்டினேன். விசையை அமுக்கிவிட்டு இருவரும் காதைக் கொடுத்து நின்றோம். என் போன் மட்டும் ஒலித்தது. குசினியிலும் மதிலுக்கு அந்தப்பக்கமும் சத்தமில்லை. வாப்பா அதை வாங்கி வாசித்தார்.

“இப்ப சரி. அழிச்சிப்போடாத, வை.”

அல்லாஹ்விடம் பேசிய பேரத்தை நான் காப்பாற்றவில்லை. அந்தப் பாடத்திட்டத்தை முடித்து இப்போது அடுத்ததில் பாதி தூரம் வந்துவிட்டேன். மஹல்லாவின் அறிவித்தல்களும் என் நிரலில்தான் போகின்றன. ஒவ்வொரு முறையும் அதைத் திறக்கும் முன் வெளியே போய், வாப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்காவிட்டால் அவருக்குக் கோல் எடுத்து, ஒன்றுமில்லை சும்மாதான் எடுத்தேன் என்பேன். ஏன் எடுக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். அவருடைய அறிவித்தல் அவர் திருத்தியபடியே இருக்கிறது. அதில் இப்போது யாரும் விடுபடவில்லை. திகதி மட்டும்தான் போட வேண்டும், அதைப் போட வேண்டியவள் நான்.